விழுந்ததை எனக்குச் சொல்லவில்லை

விதி தெளிவானது: “மையத்தில் குழந்தை கீழே விழுந்தால், காயம் சிறிதோ பெரிதோ, அன்றைக்கே வீட்டாருக்குத் தெரிவிக்கப்படும்.” எங்கள் ஊர்ப் பால்வாடியின் சுவரில், சத்துமாவு மூட்டைகளுக்கு மேலே, தடித்த எழுத்தில் ஒட்டியிருக்கிறது. வாசகம் என்னுடையது. பெற்றோர் கூட்டத்தில் நான் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதினார். எழுதி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒரு விதியை எல்லோரும் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொண்டால் அதைச் சுற்றிப்போக ஏற்கெனவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். பணிக்காலம் முழுவதும் அதைப் பார்த்தவன் நான்.

இதில் வருகிறவர்களுக்குப் பெயர் கொடுக்கப் போவதில்லை. எல்லோரும் இன்னும் இங்கேயே, நாகலூர் பஸ் போகும் இதே ரோட்டில்தான் இருக்கிறார்கள். காலையில் பால் வாங்கப் போனால் அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

என்னைப் பற்றி இவ்வளவு போதும். ஓய்வு பெறும்வரை மனுக்கள் பெறும் பிரிவில் இருந்தேன். ஒரு மனு எந்த மேசையில் ஏறும், எந்த மேசையில் தூங்கும், எந்த வார்த்தை போட்டால் எழுந்து உட்காரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மனைவி போன பிறகு சேலத்து வீட்டைப் பூட்டிவிட்டு மலைக்கு, மகளிடம் வந்தேன். மகள் ஏற்காடு டவுனில் பள்ளி ஆசிரியை. மருமகனுக்கு வெளிநாட்டில் வேலை; ஞாயிற்றுக்கிழமைகளில் போன் திரையில் வந்து எல்லோரையும் நலம் விசாரித்துவிட்டுப் போவார். பேத்திக்கு அப்போது நான்கு வயது நிரம்பவில்லை. மகள் காலை பஸ் ஏறிய பிறகு குழந்தையைப் பால்வாடிக்கு அழைத்துப்போவதும், மாலையில் திரும்பக் கூட்டிவருவதும் என் பொறுப்பு. பொறுப்பு என்பது பெரிய வார்த்தை. அந்த இரண்டு நடைதான் எனக்கு மிச்சமிருந்த வேலை. மற்ற நேரமெல்லாம் ஒரு நடைக்கும் இன்னொரு நடைக்கும் நடுவிலான காத்திருப்பு.

ரோட்டு வழியாகப் போனால் சுற்று. காப்பி எஸ்டேட்டுக்குள் ஒரு குறுக்குப் பாதை உண்டு. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, உதிர்ந்த இலைகளின் மேல் நடக்கலாம். போகும்போது அவள் பேச மாட்டாள், தூக்கம் கலைந்திருக்காது. வரும்போது வாய் மூடாது. யார் முட்டையின் மஞ்சளைத் துப்பினான், யாருக்கு ஆயா ஜட்டி மாற்றினார், எந்த ஜன்னலில் குரங்கு வந்து உட்கார்ந்தது, டீச்சர் யாருடன் போனில் சண்டை போட்டார், எல்லாம் வரிசையாக வரும். ஒரு செய்தியும் விட்டுப்போகாது என்று நம்பினேன். அந்த நம்பிக்கையைத்தான் இங்கே எழுத வந்தேன்.

பால்வாடி சரிவில் கட்டப்பட்டது. மலையில் சமதளம் கிடைத்தால் அதில் லாட்ஜ் கட்டுவார்கள், மிச்சத்தில்தான் மற்றவை. முன்வாசலில் நின்று பந்தை விட்டால் அது நாகலூர் போய்விடும் என்று சொல்வார்கள். பிள்ளைகள் அந்த வாசலில் ஓடுவார்கள், அதனால் விழுவார்கள். நான் மாலையில் சீக்கிரமே போய் வேலி ஓரம் நிற்பேன், அதனால் அவர்கள் விழுவதை நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். விழுந்த குழந்தை உடனே அழுவதில்லை. ஒரு கணம் அப்படியே கிடக்கும். அந்தக் கணத்தில் அது தன் முழங்காலைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் நிற்கும் பெரியவரின் முகத்தைப் பார்க்கிறது. முகம் பதறினால் அழுகை வரும். இல்லாவிட்டால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, விட்ட இடத்திலிருந்து ஓடும். ஒரு பையன் முகம் குப்புற விழுந்து, வாயில் புகுந்த மண்ணைத் துப்பிவிட்டு, தான் துரத்திக்கொண்டிருந்தவளை அதே வேகத்தில் பிடித்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்த வேகத்தில் எழுந்த கோப்பு எதையும் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

ஆயாவுக்கு இதில் ஒரு முறை இருந்தது. பதற மாட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார்.

“என்ன சாமி, சில்லறை பொறுக்குனியா? எனக்கும் ரெண்டு ரூவா குடு, வெத்தலை வாங்கோணும்.”

சிரித்தால் முடிந்தது. சிரிக்காவிட்டால் எழுந்து வந்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அது விழுந்த இடத்தைக் கையால் அடிப்பார். “இந்த மண்ணுதான எங்க கண்ணைத் தள்ளிவுட்டுது? இன்னொருக்கா பண்ணுவியா? பண்ணுவியா? நீயும் ஒண்ணு போடு சாமி!” குழந்தையும் குனிந்து மண்ணை ஒரு அடி அடிக்கும். வழக்கு தீர்ந்தது. ரத்தம் எட்டிப்பார்த்தால் காப்பித்தூள். இந்த மலையில் எந்த அடுப்படியிலும் தீராத மருந்து அது. முதலுதவிப் பெட்டி ஒன்று இருக்கிறது, பூட்டியிருக்கிறது, சாவி பத்திரமாக இருக்கிறது.

எனக்கு அந்த முறை ஒப்பவில்லை. மண்ணை அடித்தால் மண்ணுக்கு என்ன ஆகும்? எதனால் விழுந்தது, அதற்கு யார் பொறுப்பு, அதைச் சரிசெய்ய யாருக்கு எழுத வேண்டும் என்பதல்லவா கேள்வி.

வாசலின் ஓரத்தில் ஒரு இரும்பு ஊஞ்சல் இருந்தது. பேத்திக்குப் பால்வாடி என்றால் அந்த ஊஞ்சல்தான். காலையில் தூக்கம் கலையாமல் நடந்து வருகிறவள், வளைவு திரும்பி ஊஞ்சல் தெரிந்ததும் என் கையை உதறிவிட்டு ஓடுவாள். ஒருநாள் மாலை என் கண் முன்னால் அதிலிருந்து விழுந்தாள். ஒரு பக்கத்துச் சங்கிலியின் கொக்கி தேய்ந்து, பலகை சாய்ந்து, மெதுவாக வழுக்கி உட்கார்ந்த மாதிரி விழுந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் அப்போது கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளாகவே எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, “தாத்தா, ஊஞ்சல் என்னைக் கொட்டிருச்சு!” என்று சிரித்தாள்.

அன்று மாலையே மனு எழுதினேன். நல்ல மனு. தேய்ந்த கொக்கியின் படம், குழந்தைகளின் பாதுகாப்பு, உடனடிப் பழுதுபார்ப்பு, நகல் யார் யாருக்கு என்பதெல்லாம் முறைப்படி. மாதக்கணக்கில் தூங்கும் என்று நினைத்துத்தான் எழுதினேன். ஆனால் அந்த அலுவலகம், பெயர் வேண்டாம், என் அனுபவத்திலேயே இல்லாத வேகத்தில் செயல்பட்டது. அடுத்த வாரம் ஒரு டெம்போ வந்தது. ஆட்கள் இறங்கி ஊஞ்சலைக் கழற்றி, கம்பங்களையும் பெயர்த்து, ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குழிகளை மூடக்கூட இல்லை. பிள்ளைகளெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்களாம். நான் மாலையில் போனபோது பேத்தி ஒரு குழிக்குள் காலை விட்டு அளந்துகொண்டிருந்தாள்.

“தாத்தா, ஊஞ்சல எங்க கொண்டுட்டுப் போனாங்க?”

“சரி பண்ண, கண்ணு.”

“ஆயா சொன்னாங்க, நீங்க எழுதுனதாலதான் எடுத்துட்டுப் போனாங்களாம்.”

“சரி பண்ணச் சொல்லித்தான் எழுதினேன்.”

“எப்ப வரும்?”

“விரைவில்.”

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அந்தச் சொல்லை அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட மனுதாரர் என் மேசைக்கு வந்ததே இல்லை.

மறுநாளே பஸ் ஏறி அந்த அலுவலகத்துக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் ஒரு காலத்தில் எனக்குக் கீழ் வேலை பார்த்தவர். எழுந்து நின்று வணங்கினார், நாற்காலி போட்டார், டீ சொன்னார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

“ஏனுங்க சார், நீங்களே பஸ் ஏறி வரோணுங்களா? ஒரு போன் பண்ணியிருந்தா...”

“நான் கேட்டது ரிப்பேர். நீங்க கழற்றிட்டீங்க.”

“கொக்கி மாத்தோணும்னா எஸ்டிமேட் போடோணும், மேல அனுப்போணும், ஃபண்ட் எறங்கோணும். அதுக்குள்ள ஒரு புள்ளை வுழுந்து மண்டை ஒடஞ்சா, உங்க மனுதானுங்க மொதல்ல வெளிய வரும். கழட்டறதுக்கு ரெண்டு ஆளும் ஒரு ஸ்பேனரும் போதுமுங்க.”

“குழந்தைங்களுக்கு ஊஞ்சல் வேணுமே.”

“வுழுகக்கூடாதுன்னுதானுங்க எழுதியிருந்தீங்க? இனி வுழுகாதுங்களே சார்.” டீயை என் பக்கம் நகர்த்தினார். “மனுவும் முடிஞ்சிருச்சுங்க.”

டீ நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊஞ்சலைத் திரும்பக் கேட்டு மறுபடி எழுதினேன், நினைவூட்டினேன். அவற்றுக்குப் பதில் இல்லை. இருக்கும் பொருளைப் பற்றி எழுதினால்தான் அதை எடுக்க முடியும்; இல்லாத பொருளைப் பற்றி எழுதினால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்.

இதற்குப் பிறகு பால்வாடியில் பிள்ளைகள் விழுவது நின்றுபோனது. அதாவது, என் காதுக்கு வருவது நின்றுபோனது. மாலை நடையில் முட்டை வந்தது, குரங்கு வந்தது, டீச்சரின் போன் சண்டை வந்தது. விழுந்த கதை மட்டும் வரவில்லை. நான் வேலிக்கு வரும் நேரத்தில் பிள்ளைகளெல்லாம் உள்ளே பாய் மேல் உட்கார்ந்து, நல்ல பிள்ளைகளாக, பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள். கால் திடமாகிவிட்டது, இனி விழ மாட்டாள், வளர்கிறாள் என்று நினைத்து மகிழ்ந்தேன். மருமகனிடமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படியே சொன்னேன். அவர் திரையில் சிரித்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

நான் கண்டுபிடித்தது ஒரு விடுமுறை நாள் மதியம். பேத்தி என் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பாவாடை ஏறியிருந்தது. முழங்காலில் ஒரு பொருக்கு. புதிதல்ல, ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டு, அடியில் ரோஜா நிறத்தில் தோல் வந்திருந்தது. ஒருநாள் விட்டால் தானாகவே உதிரும் பக்குவம். ஓரத்தில் பழுப்பாகப் பொடி ஒட்டியிருந்தது. விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனேன். காப்பித்தூள். முழங்கையைத் திருப்பிப் பார்த்தேன், அங்கே இன்னொன்று, ஆறி வெளுத்தது. மோவாய்க்கு அடியில் ஒரு கோடு, அது எல்லாவற்றையும்விடப் பழசு. இத்தனையும் என்னுடைய இரண்டு நடைகளுக்கு நடுவில் நடந்து, ரத்தம் வந்து, காய்ந்து, ஆறியும் போயிருக்கிறது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்திருக்கிறேன்.

மகள் அடுப்படியில் இருந்தாள். குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டுப் போய்க் கேட்டேன்.

“முட்டியில காயம். எப்போ ஆச்சு?”

“அது ஆறிடுச்சேப்பா.”

“எப்போ ஆச்சுன்னு கேட்டேன்.”

“போன வாரமோ, அதுக்கு முன்னயோ. டீச்சர் அன்னிக்கே போன் பண்ணிட்டாங்க. நீங்க எழுதி வெச்ச ரூல்படிதான்.”

“தினமும் அங்க போய் நிக்கறது நான். எனக்கு யாரும் சொல்லலையே.”

அவள் திரும்பவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: “நான்தான் உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னேன்.”

“எதுக்கு?”

“சொன்னா என்ன பண்ணுவீங்க?”

“என்ன பண்ணணுமோ அதைப் பண்ணுவேன்.”

“அதுக்குத்தான்.”

யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன். டீச்சருக்கு, ஆயாவுக்கு என்று ஆரம்பித்தாள். கடைக்காரருக்கு, ஏனென்றால் காப்பித்தூள் அங்கிருந்துதான் போனது. பஸ் கண்டக்டர்கூட, “பாப்பா முட்டி ஆறிப்போச்சுங்களா மேடம்?” என்று விசாரித்தாராம். அலுவலகத்தில் ஒரு ரகசியத்தைக் காக்க எத்தனை முத்திரை குத்துவோம், எத்தனை உறைக்குள் உறை போடுவோம். ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்குள் வெளியே வந்துவிடும். ஒரு மலையூரே சேர்ந்து ஒரு மனிதரிடமிருந்து ஒரு முழங்காலை மறைத்திருக்கிறது. நானே சொல்லி எழுதவைத்த விதியை, எனக்கு எதிராக, எழுத்துக்கு எழுத்து பின்பற்றியிருக்கிறார்கள்.

மற்றவர்களை விடுங்கள். மகளையும் விடுங்கள், அவளுக்கு என்னிடம் பழைய கணக்குகள் இருக்கலாம். எனக்கு உறைத்தது குழந்தைதான். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று மகள் சத்தியம் செய்தாள். “நாங்க பெரியவங்கதான் பேசி வெச்சோம். அவளா எப்படி உங்ககிட்ட சொல்லாம இருந்தாள்னு எங்களுக்கே தெரியலைப்பா.” இதைச் சொன்னால் எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாள்.

மறுநாள் மாலை, குறுக்குப் பாதையில், பேத்தியிடமே கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

“நீ பால்வாடியில விழுந்தியா, கண்ணு?”

அவள் நடையை நிறுத்தவில்லை.

“ஏன் தாத்தாகிட்ட சொல்லலை?”

குனிந்து ஒரு சில்வர் ஓக் இலையை எடுத்தாள். திருப்பிக் காட்டினாள். “தாத்தா, இந்த இலைக்கு முதுகு மட்டும் வெள்ளை.”

கேட்ட கேள்விக்கு வேறொன்றைப் பதிலாகத் தருவது எங்கள் துறையில் மூத்தவர்களுக்கே கைவரும் கலை. நான் மறுபடி கேட்கவில்லை. கேள்வியை நிலுவையில் வைத்தேன்.

ஊஞ்சல் போன பிறகு எதிலிருந்து விழுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒருநாள் வழக்கத்துக்கு மிகவும் முன்னதாகவே போய், வேலிக்குப் போகாமல், எஸ்டேட் பக்கம் காப்பிச் செடிகளுக்குப் பின்னால் நின்றேன். அந்தக் காலத்தில் மேலதிகாரிகள் திடீர் ஆய்வுக்கு வருவார்கள். செடிக்குப் பின்னால் யாரும் நின்றதில்லை. என்னைக் கண்டு, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சைக்கிளை நிறுத்தினார். “ஏதாச்சும் தொலஞ்சிருச்சுங்களா?” என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லி அனுப்பினேன்.

வாசலின் மேல்விளிம்பில் செம்மண் மேடு ஒன்று உண்டு. பிள்ளைகள் ஒரு காலி உரச்சாக்கை வைத்திருந்தார்கள். அதன் மேல் இரண்டு பேராக உட்கார்ந்து மேட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தார்கள். பாதி வழியில் சாக்கு ஒரு பக்கமும் பிள்ளைகள் ஒரு பக்கமும் போனார்கள். மண் வழுவழுவென்று தேய்ந்து கிடந்தது, மாதக்கணக்கில் நடக்கிற வேலை. ஆயா படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் வரும் நேரம் நெருங்கினால் சாக்கைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டுப் பாட்டுப் பாட வைக்கும் ஏற்பாடு எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பேத்தியின் முறை வந்தது. தனியாக உட்கார்ந்தாள். பாதி மேட்டில் சாக்கு கவிழ்ந்தது. அவள் பக்கவாட்டில் உருண்டு, கை ஊன்றி, நின்றாள். செடியை விலக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். அதற்குள் அவள் அந்த ஒரு கணத்துக்கு வந்தாள். விழுந்த குழந்தை முகம் தேடும் கணம். தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள். ஆயா கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலியில் யாரும் இல்லை. யாருமில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகு அவள் முகத்தில் வந்தது பயமல்ல. நிம்மதி. பிறகு குனிந்து, தானே தன் கையால் மண்ணை இரண்டு அடி அடித்தாள். “பண்ணுவியா? பண்ணுவியா?” என்று ஆயாவின் குரலிலேயே மிரட்டினாள். சாக்கை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள்.

நான் சுற்றுவழியாக ரோட்டுக்குப் போய், வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான வேலிக்கு வந்து சேர்ந்தேன். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது.

அந்த மேட்டைப் பற்றி நான் எழுதவில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எழுதினால் அவர்கள் செய்தது சரி என்று ஆகிவிடும். அந்தத் திருப்தியை நான் ஏன் தர வேண்டும்? எழுத மாட்டேன் என்று மகளிடம் வாக்குக் கொடுக்கவும் இல்லை. “நீங்க எழுத மாட்டீங்கன்னு தெரிஞ்சா அவளே வந்து சொல்லுவாப்பா” என்றாள். நிபந்தனையோடு வரும் செய்தி எனக்கு வேண்டாம் என்றேன். சில நாள் வீட்டில் சாப்பாடு, மருந்து, மழை தவிர வேறு பேச்சு இல்லை.

மழை உண்மையிலேயே பலமாகப் பிடித்திருந்தது. ஒரு இரவுச் சாப்பாட்டில் மகள் சொன்னாள்: “குறுக்குப் பாதை வழுக்குதுப்பா. உங்க காலும் முன்ன மாதிரி இல்ல. எஸ்டேட் ஜீப்புல நாலஞ்சு புள்ளைங்க போகுதுங்க. இவளையும் அதுல அனுப்பிடலாமா?”

“நான் விழுந்தா பார்த்துக்கலாம்” என்றேன். பேத்தி தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

ஐப்பசியில், தீபாவளிக்குச் சில நாள் முன்னால், நான் விழுந்தேன். காலை நடை. பாதையில் ஊறிய இலைகள். குடையைப் பேத்தி பக்கம் சாய்த்தேன். இரண்டு காலும் ஒரே நேரத்தில் என்னைக் கைவிட்டன. அப்படியே உட்கார்ந்து, கொஞ்ச தூரம் வழுக்கி, ஒரு காப்பிச் செடியைப் பிடித்து வழுக்கலை நிறுத்தினேன். முழங்கை எரிந்தது. எலும்பு ஒன்றும் ஆகவில்லை என்று உடனே தெரிந்தது. ஆனாலும் எழவில்லை. நானும் அந்தக் கணத்தில் கிடந்தேன். சுற்றிலும் பார்த்தால் இருந்த ஒரே முகம் அவளுடையது.

அவள் பதறவில்லை. மழையில் நனைந்துகொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

“என்ன தாத்தா, சில்லறை பொறுக்குனீங்களா?”

சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்ய. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் வழுக்கிய தடத்தைச் சட்சட்டென்று அடித்தாள். “நீங்களும் ஒண்ணு போடுங்க.” போட்டேன். சேறு இரண்டு பேர் முகத்திலும் தெறித்தது. எழுந்து நின்றதும் என் வேட்டியைப் பின்புறம் போய்ப் பார்த்தாள். சுற்றி வந்து என் கையைப் பிடித்தாள்.

“அம்மாகிட்ட சொல்ல மாட்டேன் தாத்தா.”

“எதுக்கு?”

“ஜீப்பு வந்துரும்ல.”

பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் என் கட்சியில் இருந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றை மறைத்தேன். முழங்கை மறையும்படி சட்டைக் கையை இறக்கிவிட்டேன். பால்வாடி வாசலில் டீச்சர் நின்றிருந்தார். அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் பேத்தி உரக்கச் சொன்னாள்:

“எங்க தாத்தா வழியில வுழுகவே இல்லைங்க டீச்சர்!”

டீச்சர் என் வேட்டியைப் பார்த்தார். ஆயா படியை விட்டு எழுந்து வந்து சட்டைக் கையை மேலே தள்ளினார். “அட சாமி, தோலு நொம்ப உரிஞ்சு போயிருக்குதுங்களே! இருங்க, தூள் கொண்டாறேன்.” என் முழங்கையில் காப்பித்தூளை அப்பினார். பிள்ளைகள் கூட்டமாக வந்து வேடிக்கை பார்த்தார்கள். முகம் குப்புற விழுந்த அந்தப் பையன், “எரியும், ஆனா கொஞ்ச நேரம்தான்” என்று எனக்குத் தைரியம் சொன்னான். டீச்சர் “பாத்துப் போங்க அய்யா” என்றார். அந்த மரியாதை எனக்குப் பழக்கமானது. அதில் நான் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

அன்று மாலை மகள் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என் முழங்கையிடம் வந்தாள். டீச்சர் அன்றைக்கே, விதிப்படி, வீட்டாருக்குத் தெரிவித்திருந்தார். சுவரில் எழுதியிருப்பது குழந்தை என்றுதான். என் வயதுக்கு அதை நீட்டித்துப் பொருள்கொண்டது யாருடைய முடிவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“எலும்புக்கு ஒண்ணும் ஆகலையே? நாளைக்கே ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம்.”

“ஒண்ணும் ஆகலை. விழுந்தேன், எழுந்தேன். உன் பொண்ணைக் கேளு.”

“அவளைக் கேட்டேன். நீங்க விழவே இல்லைங்கறா.”

“அப்புறம் என்ன?”

“அப்பா...” அவள் கண் கலங்கியிருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். “உங்க நல்லதுக்குத்தான். தீபாவளி லீவு முடிஞ்சதும் அவ ஜீப்புல போகட்டும்.”

பாதையில் ஒரு கைப்பிடி போடலாம், இலையைக் கூட்டச் சொல்லலாம், ரோட்டைச் சுற்றிப் போகலாம், ரப்பர் செருப்பு வாங்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் பழுதுபார்க்கும் யோசனைகள். அதற்கெல்லாம் நாளாகும். ஜீப்புக்கு ஒரு போன் போதும்.

பண்டிகை போனது. பேத்தி வாசல்படியில் தடுக்கி விழுந்து, கையிலிருந்த முறுக்கு உடைந்ததற்கு மட்டும் அழுதாள். நான் முழங்கைப் பொருக்கு உதிரும்வரை அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தைக்கு ஆறுவதைவிட எனக்கு நாள் பிடித்தது.

பால்வாடி திறந்த அன்று காலை நான் வழக்கம்போல் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நின்றேன். எங்கே போக என்று யோசிக்கவில்லை. ஜீப் வளைவில் ஹாரன் அடித்தது. டிரைவர் இறங்கி, “ஏனுங்க, நீங்களும் வாறீங்களா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எல்லோரும் நல்லவர்கள். மகள் பேத்தியைத் தூக்கிப் பின்சீட்டில் உட்காரவைத்துவிட்டு, டிரைவரிடம் ஏதோ சொல்ல முன்பக்கம் போனாள். பேத்தி பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த குடையைப் பார்த்தாள். பிறகு, அம்மாவுக்குக் கேட்காதபடி குனிந்து, ரொம்பப் பொறுமையாக, தெரியாதவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்:

“சொன்னா எடுத்துருவாங்க தாத்தா. அதான் நான் சொல்லலை.”

இலையைத் திருப்பிக் காட்டிய நாளில் நான் கேட்ட கேள்விக்கு இப்படியாகப் பதில் கிடைத்தது. பதில் வந்த நாள்: தீபாவளி விடுமுறை முடிந்த திங்கட்கிழமை, காலை, ஜீப் புறப்படும் முன்.